நாள்கணக்கு: தன்னாய்வு மரபுகளும் அவற்றில் நன்றியின் இடமும்

அன்று பேசியதையும் செய்ததையும் பிறரிடமிருந்து பெற்றதையும் சில நிமிடங்கள் ஒழுங்காக நினைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தன்னாய்வு என்கிறோம். தியானத்துக்கும் வழிபாட்டுக்கும் இது நெருங்கிய உறவு, ஆனாலும் தனி. தியானத்தில் மனம் ஒன்றில் நிலைக்கப் பழகுகிறது. தன்னாய்வில் அது கடந்துபோன சில மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் அங்கே நடந்ததை விசாரிக்கிறது. கிரேக்கம், சீனம், இந்தியா, அரபுலகம், ஐரோப்பா, ஜப்பான் என்று பல இடங்களில் இது முறைப்படுத்தப்பட்டிருக்கிறது. முறைப்படுத்தியவர்களில் வேலையற்று இருந்தவர்கள் அரிது. பேரரசர், அமைச்சர், பேராசிரியர், அச்சகக்காரர், நெசவாளர் என்றே பட்டியல் நீள்கிறது. ஓய்வு கிடைக்கட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. நாளில் எப்படியும் நடந்தே தீரும் ஏதோ ஒன்றோடு அந்தச் சில நிமிடங்களைப் பிணைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டார்கள். மரபுக்கு மரபு உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

பித்தகோரஸின் பெயரால் வழங்கும் ‘பொன் வரிகள்’ என்னும் கிரேக்கச் செய்யுள் நூல், அன்றைய செயல்களை மூன்று முறை எண்ணிப் பார்க்கும்வரை கண்ணயரக் கூடாது என்று விதிக்கிறது. எங்கே தவறினேன், எதைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பவை அதன் கேள்விகள். கன்பூசியஸின் மாணவர் ட்ஸெங் ட்ஸு தன்னை நாள்தோறும் மூன்று வகையில் சோதித்ததாக ‘அனலெக்ட்ஸ்’ முதல் அதிகாரம் சொல்கிறது. பிறருக்காக ஏற்ற காரியத்தில் உண்மையாக இருந்தேனா, நண்பர்களிடம் நம்பகமாக நடந்தேனா, ஆசிரியர் கற்பித்ததைப் பழகினேனா என்று அவர் கேட்டுக்கொண்டார். மூன்றுமே உறவு பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். தனி மனிதனின் தூய்மை பற்றி அவற்றில் ஒன்றுகூட இல்லை. பாலி மொழி மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் செய்யும் உபதேசம் இன்னும் நுணுக்கமானது. ஒரு செயலைச் செய்வதற்கு முன்னும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்து முடித்த பின்னும் அது தனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று பார்க்க வேண்டும் என்கிறார் புத்தர். தவறு நேர்ந்துவிட்டால் அதை மனத்துக்குள் பூட்டிவைக்காமல் ஆசிரியரிடமோ சக துறவியிடமோ சொல்லிவிட வேண்டும் என்பதும் அந்த உபதேசத்தின் பகுதி.

உரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா ‘சினம் பற்றி’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் தம் இரவுப் பழக்கத்தை விவரிக்கிறார். செக்ஸ்தியஸ் என்னும் தத்துவவாதி உறங்குமுன் தன் உள்ளத்தைக் கேள்வி கேட்ட முறையைப் பார்த்துத் தாமும் அப்படிச் செய்வதாகச் சொல்கிறார். விளக்கு எடுத்துச் செல்லப்பட்டு, இந்தப் பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, நாள் முழுவதையும் தம் முன்னே நிறுத்தி விசாரிக்கிறார். நீதிமன்றச் சொற்களில்தான் எழுதுகிறார், ஆனால் அந்த நீதிபதி கருணையுள்ளவர். எதையும் மறைக்காதே, இந்த முறை மன்னித்தேன், இனி செய்யாதே என்பது தீர்ப்பு. விசாரணைக்கு வருபவையும் சின்னச் சின்ன வழக்குகள்: ஒரு விவாதத்தில் தேவைக்கு மேல் சூடாகப் பேசியது, கடிந்துகொண்ட ஒருவரைத் திருத்துவதற்குப் பதிலாகப் புண்படுத்தியது. வழக்குகள் இவ்வளவு சிறியவையாக இருப்பதே முறையின் பலம். பெரிய இலட்சியங்களைப் பற்றி இரவில் யோசிப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். பகலில் ஒருவரிடம் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கேட்பவர் விழித்திருப்பார்.

செனெக்காவின் பிற்கால வாழ்க்கை இந்தப் பழக்கத்தின் எல்லையையும் காட்டுகிறது. கி.பி. 59இல் பேரரசர் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொலை செய்வித்தபோது, அதை நியாயப்படுத்தி ஆட்சிமன்றத்துக்குப் போன கடிதத்தை எழுதியவர் என்ற பழி செனெக்கா மேல் விழுந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவுசெய்கிறார். குற்றவாளியும் நீதிபதியும் ஒருவராகவே இருக்கும் மன்றத்தில் சில வழக்குகள் விசாரணைக்கே வராமல் போகலாம். பௌத்தத்திலும் கத்தோலிக்கத்திலும் தன்னாய்வுக்குப் பக்கத்தில் இன்னொருவரிடம் சொல்லும் கடமையும் வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகத் தெரியவில்லை.

161 முதல் 180 வரை ஆண்ட உரோமைப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ், தனக்காகவே கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகள் இன்று ‘தியானங்கள்’ என்ற பெயரில் படிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி டான்யூப் எல்லைப் போர்முனையில் எழுதப்பட்டது என்பதை நூலில் உள்ள இடக்குறிப்புகள் தெரிவிக்கின்றன. பன்னிரண்டு பகுதிகளில் முதலாவது மட்டும் அமைப்பில் வேறு. அதில் அறிவுரையோ தத்துவ வாதமோ கிடையாது. யாரிடமிருந்து எதைப் பெற்றேன் என்ற பதினேழு பத்திகள் மட்டுமே உள்ளன. தாத்தாவிடமிருந்து சினம் அடங்கிய குணம், தாயிடமிருந்து பக்தியும் எளிய வாழ்வும், ஆசிரியர் ரஸ்டிக்கஸிடமிருந்து தத்துவவாதி எபிக்டெட்டஸின் உரைகள் என்று தொடங்கி, வளர்ப்புத் தந்தை அன்டோனைனஸுக்கு நீண்ட பத்தி ஒதுக்கி, கடைசியில் கடவுளரிடம் வந்து முடிகிறது. நன்றியுணர்ச்சியைப் பொதுவாகப் பேசாமல் பெயர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் எழுதிய மிகப் பழைய ஆவணங்களில் இது ஒன்று. உலகின் மிகப் பெரும் அதிகாரங்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர், தன்னிடம் உள்ள நல்லதில் ஏறக்குறைய எல்லாமே இரவல் என்று கணக்கெழுதிவைத்தார்.

இஸ்லாமிய மரபில் இதற்கு முஹாஸபா என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-முஹாஸிபி அந்தப் பெயராலேயே அறியப்பட்டார். இதை விரிவான முறையாக்கியவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் புகழின் உச்சியில் இருந்தபோது, 1095இல் பதவியைத் துறந்து வெளியேறியவர் அவர். நாற்பது நூல்கள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் தொகுப்பில் ஒரு நூல் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வணிகன் தன் கூட்டாளியிடம் சரக்கை ஒப்படைப்பதுபோல, காலைத் தொழுகை முடிந்ததும் மனிதன் தன் மனத்திடம் நிபந்தனைகளோடு அந்த நாளை ஒப்படைக்க வேண்டும், பகலில் கண்காணிக்க வேண்டும், மாலையில் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார் கஸ்ஸாலி. கடமையான வழிபாடுகள் முதல், உபரியானவை லாபம், பாவங்கள் நட்டம். நீ இறந்துபோய், ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு மன்றாடி, அது கிடைத்ததாக எண்ணிக்கொண்டு இன்றைய நாளைத் தொடங்கு என்பது அவர் சொல்லும் பயிற்சி. இங்கே தன்னாய்வு காலையிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் போட்ட நிபந்தனை இல்லாவிட்டால் மாலையில் எதை வைத்துக் கணக்குக் கேட்பது என்பது அவருடைய தர்க்கம். ஐவேளைத் தொழுகை நாளை ஏற்கெனவே பகுத்துவைத்திருப்பதால் அதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதும் இல்லை.

ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்துக்கு மிகத் தெளிவான வடிவம் கொடுத்தவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் (1491–1556). 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, சில நினைவுகள் தந்த இன்பம் உடனே வறண்டுபோவதையும் சில நினைவுகளின் நிறைவு நீடிப்பதையும் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து அவருடைய முறை கிளைத்தது. 1548இல் போப் மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சேறிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் அது ஐந்து படிகளாக இருக்கிறது. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. குறைகளை அறியும் அருளை வேண்டுவது, எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி எண்ணம், சொல், செயல் என்று கணக்குக் கேட்பது, மன்னிப்புக் கோருவது, திருந்தத் தீர்மானிப்பது என்பவை பின்தொடர்கின்றன.

இதில் நன்றி முதலில் நிற்பது அலங்காரத்துக்காக அல்ல. மன்ரேசா ஊரில் தங்கியிருந்த நாட்களில் இஞ்ஞாசியார் கடும் மனச்சஞ்சலத்துக்கு ஆளானார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்பத் தோண்டினார், தற்கொலை எண்ணம்வரை போனார் என்று அவரே பிற்காலத்தில் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. குற்றப் பட்டியல் ஒருவரை எங்கே தள்ளிவிடும் என்று அறிந்தவர், பெற்றதை எண்ணிய பிறகே பட்டியலைத் திறக்க வைத்தார். ஆனால் அவருக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் பல துறவு மடங்களில் முதல் படி சடங்காகச் சுருங்கி, மூன்றாம் படி வீங்கிவிட்டது. 1972இல் அமெரிக்க இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் எழுதிய ஒரு கட்டுரை இதைச் சுட்டிக்காட்டி, தவறுகளின் கணக்கைவிட அன்றைய நாளில் உள்ளம் எங்கே இழுக்கப்பட்டது என்ற கவனிப்பே மையம் என்று வாதிட்டது. இன்று உலகெங்கும் மாணவர்களுக்கும் இல்லறத்தாருக்கும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் திருத்தப்பட்ட வடிவம்.

இஞ்ஞாசியாரிடம் இன்னொரு கருவியும் இருந்தது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்து, மதியம் ஒரு முறையும் இரவு ஒரு முறையும் தவறிய அளவுக்குப் புள்ளி வைக்க வேண்டும். நாளாக ஆகக் கோடுகள் குறுகிக்கொண்டே போகும். நேரத்தைப் பொறுத்தவரை அவர் கறாராகவும் நடைமுறை அறிந்தும் இருந்தார். படிப்பில் மூழ்கியிருந்த இளந்துறவிகள் நீண்ட தியானம் செய்ய வேண்டியதில்லை, நடக்கும்போதும் பேசும்போதும் உண்ணும்போதும் இறைவனைத் தேடலாம் என்று வழிகாட்டினார். நாளுக்கு இரண்டு முறை தன்னாய்வை மட்டும் விட்டுத்தரவில்லை.

இந்த மரபு தமிழ்நாட்டுக் கரையை அதன் தொடக்க காலத்திலேயே அடைந்தது. இஞ்ஞாசியாரின் தோழர் பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். 1580இல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் கையேடு. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று, மனிதன் தன் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்கத் துணைசெய்யும் நூலாக அமைந்துவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் இந்தப் பழக்கம் ‘ஆத்தும சோதனை’ என்று வழங்கிவருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதே கருவி கடவுளின் முன்னிலையிலிருந்து சற்று விலகி, சுயமுன்னேற்றத்தின் பக்கம் சாய்கிறது. பிலடெல்பியா அச்சகக்காரர் பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள் வரைந்து, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் முனைப்பான கவனம், பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. காலை ஐந்து மணிக்கு இன்று என்ன நன்மை செய்வேன் என்றும் இரவில் என்ன நன்மை செய்தேன் என்றும் கேட்டுக்கொண்டார். முதலில் பன்னிரண்டு குணங்களே இருந்தன. நீ கர்வம் பிடித்தவன் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சொன்ன பிறகு பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. கர்வத்தை முற்றிலும் வென்றாலும் தன் பணிவை நினைத்துக் கர்வப்பட நேரும் என்று சுயசரிதையில் அவரே கேலியாக எழுதினார். அந்தப் பதின்மூன்றில் சிக்கனம், உழைப்பு, தூய்மை, மௌனம் எல்லாம் உண்டு. நன்றி இல்லை. பெற்றது பற்றிய கேள்வி நீங்கி, சாதித்தது பற்றிய கேள்வி மட்டும் எஞ்சிய முதல் பெரிய உதாரணம் இதுவாக இருக்கலாம். இன்றைய கைபேசிச் செயலிகளில் பழக்கங்களுக்குப் புள்ளி வைக்கும் கட்டங்கள் பிராங்க்ளின் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

அந்தக் கட்டம் பின்னர் எதிர்பாராத திசையில் மறுபடியும் சமயத்துக்குள் நுழைந்தது. கிழக்கு ஐரோப்பிய யூத அறிஞர் மெண்டல் லெபின் 1808இல் ‘ஹெஷ்போன் ஹ நெபெஷ்’ என்ற எபிரேய நூலில் பதின்மூன்று குணம், பதின்மூன்று வாரம் என்ற அதே முறையைத் தந்தார். லித்துவேனியாவில் இஸ்ரயேல் சலண்டர் தொடங்கிய முசார் என்னும் யூத ஒழுக்கநெறி இயக்கம் அதை ஏற்றுப் பரப்பியது. யூத மரபில் நாளுக்கு நூறு வாழ்த்துரைகள் சொல்ல வேண்டும் என்ற தால்முத் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. உணவுக்கும் நறுமணத்துக்கும் விழித்தெழுந்ததற்கும் தனித்தனி நன்றிமொழி உண்டு. அதனால் பிராங்க்ளின் கட்டத்தில் விடுபட்டது அங்கே பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்குக் கிடைத்த மிக அசலான பங்களிப்பு ஜப்பானியருடையது. நாரா பகுதியின் தொழிலதிபர் யோஷிமொட்டோ இஷின் (1916–1988), ஜோதோ ஷின் பௌத்தப் பிரிவில் சிறு குழுவினர் பின்பற்றிய ‘மிஷிராபே’ என்ற கடும் தவத்தை மேற்கொண்டவர். உணவு, நீர், உறக்கம் மூன்றையும் விலக்கிச் செய்யும் அந்தத் தவத்தின் கடுமையை நீக்கி, எவரும் செய்யக்கூடிய ‘நைக்கான்’ முறையை உருவாக்கினார். ஒரு வாரம், அதிகாலை முதல் இரவுவரை, மடக்குத்தட்டிக்குப் பின்னால் அறை மூலையில் உட்கார வேண்டும். தாயிலிருந்து தொடங்கி, ஒருவரைப் பற்றிக் காலவரிசைப்படி மூன்று கேள்விகள்: அவரிடமிருந்து என்ன பெற்றேன், அவருக்கு என்ன கொடுத்தேன், அவருக்கு என்ன தொல்லை தந்தேன். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வழிகாட்டி வந்து வணங்கிக் கேட்டுவிட்டுப் போவார், கருத்துச் சொல்ல மாட்டார். அன்பாக இருந்தார் என்பது போன்ற பதில் போதாது. எட்டு வயதில் காய்ச்சல் வந்தபோது எத்தனை இரவு விழித்திருந்தார் என்று சொல்ல வேண்டும். 1950களில் இம்முறை ஜப்பானியச் சிறைகளில் புகுந்தது, பின்னர் குடிநோயாளிகள் சிகிச்சையிலும் இடம்பெற்றது. வார முகாம் முடிந்தவர்கள் அன்றாடம் இதே மூன்று கேள்விகளைக் கொஞ்ச நேரம் தொடர வேண்டும் என்று யோஷிமொட்டோ வலியுறுத்தினார்.

அவர் எனக்கு என்ன தொல்லை தந்தார் என்ற நான்காம் கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டது. அதை எவரும் கற்பிக்காமலே மனிதர்கள் நாள்முழுதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது காரணம். பெரும்பாலோருக்கு இது பொருந்தும். பெற்றோரிடமோ துணையிடமோ உண்மையில் வன்முறைக்கு ஆளானவருக்கு இது தவறான மருந்தாகலாம். பட்ட துன்பத்தைச் சொல்லவே இடம் தராத கேள்விவரிசை, குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் தோளில் ஏற்றிவிடும்.

தமிழில் தன்னைத் தானே கேள்வி கேட்கும் உரைநடைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வள்ளலாரின் ‘மனுமுறைகண்ட வாசகம்’ (1854). மகனின் தேர்க்காலில் கன்று இறந்த செய்தி கேட்டதும், இந்தத் துயரம் வர நான் என்ன செய்தேனோ என்று மனுச்சோழன் வினாக்களை அடுக்குகிறான். வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தது, நிழல் தந்த மரத்தை அழித்தது, பசித்தவர் முகத்தைப் பாராதிருந்தது என்று அந்த வரிசை நீள்கிறது. ட்ஸெங் ட்ஸுவின் கேள்விகளைப் போலவே இவையும் பெரும்பாலும் உறவு பற்றியவை, ஆனால் கூலிக்காரனும் மரமும்வரை அந்த உறவு விரிகிறது.

நெசவாளர் குடும்பத்தில் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, ‘அகத்தாய்வு’ என்ற பெயரில் தன்னாய்வை வகுப்பறைப் பாடமாக்கினார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்பவை அதன் படிகள். பேனாவும் தாளும் எடுத்து உட்கார வேண்டும். யார் யாரிடம், எதனால் சினம் வருகிறது என்று பட்டியலிட்டு, அவர்களை வாழ்த்தப் பழக வேண்டும். கவலைகளை அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். இரவில் உருட்டிக்கொண்டிருக்கும் கவலையைத் தாளில் ஒரு பிரிவின் கீழ் எழுதிவிடுவது எளிய உத்தி, ஆனால் கெட்டியான உத்தி.

உளவியல் ஆய்வுகள் இந்தத் துறைக்குத் தாமதமாகவே வந்தன. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு நன்றிக்குரிய ஐந்து விஷயங்களையும், இன்னொன்று எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாவது நடந்த நிகழ்ச்சிகளையும் எழுதின. நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகவும் வரும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையோடும் இருந்தார்கள். நரம்புத்தசை நோயாளிகளிடம் 21 நாள் நடந்த சோதனையில் உறக்கமும் மேம்பட்டது. எரிச்சலை எழுதியவர்களோடு ஒப்பிடும்போதுதான் வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது, வெறுமனே நிகழ்ச்சிகளை எழுதியவர்களோடு ஒப்பிட்டால் குறைந்தது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல், நாளின் மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுத வைத்தபோது பலன் ஆறு மாதம் நீடித்தது. அதே ஆண்டு சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவினர் சுட்டியது வேறு: வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன், மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் சராசரிப் பலன் சிறியது என்றே மதிப்பிட்டன. மனச்சோர்வுக்கு நன்றிக் குறிப்பேடு மருந்து என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைக்காதது ஒன்றை உணர்த்துகிறது. பொதுப்படையான நன்றி விரைவில் தேய்ந்துவிடும். வீடு, உடல்நலம், குடும்பம் என்று மூன்றாம் நாளே பட்டியல் திரும்ப ஆரம்பிக்கும். நைக்கான் வழிகாட்டி விவரம் கேட்பதும், மார்க்கஸ் பெயர் சொல்லி எழுதியதும், செலிக்மன் காரணம் கேட்டதும் இந்தத் தேய்மானத்தைத் தடுக்கின்றன. குறைகளைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்று 1990களிலிருந்து சூசன் நோலன்-ஹோக்செமா காட்டிய முடிவும் இஞ்ஞாசியாரின் மன்ரேசா அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இதற்கு நேரம் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் உதவுகின்றன. இதைச் செய்வேன் என்று தீர்மானிப்பவரைவிட, இன்ன நிலைமை வந்ததும் இதைச் செய்வேன் என்று இடமும் நேரமும் குறித்துக்கொள்பவர் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று 1999இல் அவர் தொகுத்துரைத்தார். விளக்கு அணைதல், தொழுகை முடிதல், மதிய வேளை, படுக்கைக்குப் போதல் என்று மரபுகள் பிடித்துவைத்த கொக்கிகள் அவ்வகையானவை. அவை கேட்ட அவகாசமும் சிறியதுதான். இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் இஞ்ஞாசியார் முறை ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த வரலாற்றில் பெயர் பதிவானவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். செனெக்கா யோசிக்க அவர் மனைவி மௌனமாக இருந்தார். அந்த வீட்டில் அந்த மனைவிக்காக யார் மௌனம் காத்தார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை. பிறர் சமைத்து, விளக்கெடுத்து, குழந்தையைத் தூங்கவைத்த நேரத்தில்தான் பல நாள்கணக்குகள் எழுதப்பட்டன. அதைக் கணக்கின் உள்ளேயே கொண்டுவந்த முறைகள் குறைவு. அவற்றில் ஒன்று நைக்கான், அதில் முதல் நாளே தாய் செய்த வேலைகள் எண்ணப்படுகின்றன. இன்னொன்று வேதாத்திரி மகரிஷியின் அமைப்பு, அவருடைய துணைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ அது மனைவி நல வேட்பு நாளாக ஆண்டுதோறும் கொண்டாடிவருகிறது.